ஏவுகணைக் கவசமும் அணு ஆயுதப் பேச்சும்: மாஸ்கோ முதல் மியான் சன்னு வரை

2017 ஜனவரி 24 அன்று பாகிஸ்தான் ராணுவம் அபாபீல் என்ற ஏவுகணையை முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தது. 2,200 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. ஒரே ஏவுகணையில் பல அணுகுண்டுகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இலக்குக்கு அனுப்ப முடியும் என்றார்கள். அன்று வெளியான ராணுவ அறிக்கையில் காரணமும் இருந்தது. இந்த வட்டாரத்தில் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகள் பெருகிவருகின்றன, அந்தச் சூழலிலும் எங்கள் ஏவுகணைகள் தப்பிப் பிழைக்க வேண்டும், அதற்காகவே இது என்றது அறிக்கை. யாரைச் சொல்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிரி ஏவுகணையை வானிலேயே இடைமறித்து அழிக்கும் சோதனையை இந்தியா 2006 நவம்பரில் நடத்தியிருந்தது. பத்து வருடம் கழித்து அதற்குப் பதில் வந்து சேர்ந்தது.

கவசம் என்பது தற்காப்புதானே, யாரையும் அடிக்காத ஒரு பொருளைப் பார்த்து இன்னொருவர் ஏன் பயப்பட வேண்டும்? நியாயமான கேள்வி. சாதாரண ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது அதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். அணு ஆயுதம் என்று வந்துவிட்டால் விஷயம் தலைகீழாகிறது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பல வருடம் எடுத்துக்கொண்டன. புரிந்துகொண்ட பிறகு, முப்பது வருடம் கழித்து, அமெரிக்கா அதைத் தூக்கி எறிந்தது. இன்றைய அணு ஆயுதப் போட்டியின் பெரும்பகுதி அந்த முடிவிலிருந்து முளைத்தது என்பது என் கருத்து.

1967 ஜூன் மாதம் சோவியத் பிரதமர் அலெக்ஸி கோசிகின் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் வந்திருந்தார். அப்போதுதான் அரபு-இஸ்ரேல் ஆறு நாள் போர் முடிந்திருந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் அவரைச் சந்திக்க விரும்பினார். கோசிகின் வாஷிங்டன் போக மாட்டார், ஜான்சன் நியூயார்க் போக மாட்டார். கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவில் நியூஜெர்சியில் கிளாஸ்பரோ என்ற சின்ன ஊரைப் பிடித்தார்கள். அங்கிருந்த கல்லூரியின் தலைவர் குடியிருந்த வீட்டில் பேச்சு நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவும் உடன் இருந்தார். மாஸ்கோவைச் சுற்றி நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதைத் துளைக்க நாங்கள் இன்னும் அதிகமாக ஏவுகணை செய்ய வேண்டியிருக்கும் என்று மெக்னமாரா விளக்கினார். கோசிகினுக்குக் கோபம் வந்துவிட்டது. மக்களைக் காப்பாற்றுவது அறம், மக்களைக் கொல்வதுதான் அறக்கேடு, எங்கள் தற்காப்பை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார் என்ற பொருளில் பதில் சொன்னார்.

கோசிகின் பக்கம் நின்று யோசித்தால் அவர் சொன்னது முழுக்க நியாயமாகவே தோன்றும். இன்றும் எந்த நாட்டில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி போகிறது. ஒரு நாட்டிடம் 1,000 அணு ஏவுகணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரியிடம் உள்ள கவசம் 50 ஏவுகணைகளைத்தான் தடுக்கும். ஆயிரம் எங்கே, ஐம்பது எங்கே என்று தோன்றும். சரி, எதிரி முதலில் அடித்து அந்த ஆயிரத்தில் 950-ஐத் தரையிலேயே அழித்துவிட்டால்? திருப்பி அடிக்க மிச்சம் இருப்பது 50. அதைக் கவசம் பார்த்துக்கொள்ளும். அதாவது, முழுத் தாக்குதலுக்கு எதிராக உதவாத கவசம், முதலில் அடிப்பவனுக்கு உதவுகிறது. 'நீ அடித்தால் நானும் அடிப்பேன், இருவரும் அழிவோம்' என்ற பயத்தின் மேல்தான் அணு ஆயுத நாடுகளுக்கு இடையிலான அமைதி நிற்கிறது. கொடுமையான அஸ்திவாரம்தான். ஆனால் இருப்பது அதுதான். கவசம் அந்தப் பயத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் குறைக்கிறது. மறுபக்கம் சும்மா இருக்காது.

அப்படியே நடந்தது. மாஸ்கோ கவசத்தைக் காரணம் காட்டி, ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை வைக்கும் உத்தியை அமெரிக்கா வேகப்படுத்தியது. ஒவ்வொன்றிலும் மூன்று குண்டுகள் கொண்ட மினிட்மேன்-3 ஏவுகணைகள் 1970-இல் ஏவுவதற்கான நிலவறைகளுக்குள் இறங்கின. பிரிட்டன் கதை இன்னும் விசித்திரம். மாஸ்கோவின் கவசத்தை ஏமாற்றுவதற்கென்றே செவலைன் என்ற திட்டத்தைப் பல வருடம் நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் நடத்தியது. 1980-இல் விஷயம் வெளியே வந்தபோது செலவு 100 கோடி பவுண்டைத் தொட்டிருந்தது. மாஸ்கோவைச் சுற்றி நின்றது அறுபத்துச் சொச்சம் இடைமறிப்பு ஏவுகணைகள்தான். அதற்கு எதிர்வினையாக உலகில் கூடிய குண்டுகள் பல ஆயிரம்.

இந்தச் சுழலைப் பார்த்துத்தான் 1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆளுக்கு இரண்டு இடங்களில் மட்டும், இடத்துக்கு 100 இடைமறிப்பு ஏவுகணைகளுக்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம். 1974-இல் அதையும் ஒரே இடமாகக் குறைத்தார்கள். இரண்டு எதிரிகள் உட்கார்ந்து, எங்கள் மக்களை உன் குண்டுக்குத் திறந்தே வைக்கிறோம், நீயும் திறந்தே வை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் கிடையாது. அமெரிக்க செனட் 88-க்கு 2 என்ற வாக்கில் அதை ஏற்றது. சோவியத் யூனியன் தனக்குக் கிடைத்த ஓர் இடத்தை மாஸ்கோவுக்கு வைத்துக்கொண்டது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் தன் ஏவுகணை நிலவறைகளைக் காக்க ஓர் அமைப்பைக் கட்டி, 1975-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்து, சில மாதங்களிலேயே மூடிவிட்டது. இவ்வளவு செலவுக்கு இது தேறாது என்று நாடாளுமன்றமே முடிவு செய்தது.

ஒப்பந்தம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. ஒரே ஏவுகணையில் பல குண்டு வைப்பதை அது தடுக்கவில்லை. அந்தக் கதவைத் திறந்து விட்டதால் எண்பதுகளின் நடுவில் உலகின் அணுகுண்டுக் கையிருப்பு 70,000-ஐ எட்டியது. ஆனாலும் குறைப்புப் பேச்சு தொடங்கியபோது கீழே நிற்க ஒரு தரை இருந்தது. எதிரியின் கவசம் வளராது என்ற உறுதி இருந்ததால்தான் இருதரப்பும் தங்கள் குண்டுகளைக் குறைக்கத் துணிந்தார்கள்.

அந்தத் தரை எவ்வளவு முக்கியம் என்பது 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் தெரிந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1983 மார்ச் 23 அன்று, விண்வெளியிலிருந்து ஏவுகணைகளை அழிக்கும் கவசத்தை உருவாக்கப் போவதாக அமெரிக்க அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் அறிவித்திருந்தார். அணு ஆயுதத்தை அவர் மனதார வெறுத்தார் என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. கவசம் வந்துவிட்டால் அணுகுண்டே பயனற்றதாகிவிடும் என்று உண்மையிலேயே நம்பினார். சோவியத் தலைவர் கோர்பசேவும் அணு ஆயுதத்தை ஒழிக்க விரும்பியவர்தான். கடலோரத்தில் தனியாக நிற்கும் ஹோஃப்டி என்ற வெள்ளை வீட்டில் இரண்டு நாள் பேசினார்கள். பேச்சு ஏறிக்கொண்டே போனது. பாதியாகக் குறைப்போம் என்று தொடங்கி, பத்து வருடத்தில் அணு ஆயுதங்கள் அத்தனையையும் ஒழிப்போம் என்பது வரை வந்துவிட்டார்கள். இரண்டு வல்லரசுத் தலைவர்கள் இந்த அளவுக்குப் போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எங்கே உடைந்தது தெரியுமா? அந்தப் பத்து வருடமும் விண்வெளிக் கவச ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது என்றார் கோர்பசேவ். ரீகன் ஒப்புக்கொள்ளவில்லை. தொழில்நுட்பத்தை உங்களுக்கும் தருகிறேன் என்றார். பால்பண்ணை இயந்திரத்தைக்கூட எங்களுக்குத் தராத நீங்கள் இதைத் தருவீர்களா என்று கோர்பசேவ் திருப்பிக் கேட்டார். இரண்டாம் நாள் இருட்டிய பிறகு இருவரும் இறுகிய முகத்தோடு வெளியே வந்தார்கள். ரீகன் விட்டுக்கொடுக்க மறுத்த அந்தக் கவசம் பிறகு கட்டப்படவே இல்லை. பத்து வருடம் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்திருந்தாலும் அதற்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிறகு நல்லதும் நடந்தது. ஏறத்தாழ ஏழு வருடம் சோவியத் அரசால் சொந்த நாட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டு 1986 டிசம்பரில்தான் விடுவிக்கப்பட்ட இயற்பியலாளர் ஆந்த்ரே சகாரோவ், சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவர், வெளியே வந்ததுமே துணிந்து பேசினார். அமெரிக்கக் கவசம் வேலை செய்யாது, சுலபமாக ஏமாற்றிவிடலாம், அதற்குப் பயந்து குறைப்புப் பேச்சைப் பிடித்து வைக்காதீர்கள் என்றார். 1987 பிப்ரவரி கடைசியில் கோர்பசேவ் நடுத்தரத் தூர ஏவுகணைப் பேச்சைக் கவசப் பிரச்சினையிலிருந்து பிரித்துவிட்டார். அந்த வருடம் டிசம்பர் 8 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நான்கு வருடத்தில் 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. ஒருவர் மற்றவரின் ஆலைக்குள் போய் நின்று எண்ணிப் பார்த்தார்கள். 1972 ஒப்பந்தம் அப்போதும் உயிரோடு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. சகாரோவ் சொன்ன தைரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சகாரோவ் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை சுமார் 30 நிமிடம் பறக்கும். எரிபொருள் எரிவது முதல் சில நிமிடங்கள்தான். நடுவில் 20 நிமிடம் போல வளிமண்டலத்துக்கு வெளியே, காற்றே இல்லாத இடத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் குண்டு மிதந்து போகிறது. காற்று இல்லாததால் கனமான குண்டும், அதே வடிவத்தில் ஊதிவிட்ட பலூனும் ஒரே மாதிரி போகும். ஒரு குண்டோடு இருபது பலூனை அவிழ்த்துவிட்டால், ரேடாரில் இருபத்தோரு புள்ளி. எதை அடிப்பது? கீழே காற்றுக்குள் நுழைந்ததும் பலூன்கள் எரிந்துபோகும், குண்டு எது என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு கையில் இருப்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம். பலூனின் விலை என்ன, அதை அடிக்க அனுப்பும் இடைமறிப்பு ஏவுகணையின் விலை என்ன என்று யோசித்தாலே யார் ஜெயிப்பார்கள் என்பது விளங்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 2024 ஏப்ரலில் ஈரான் ஒரே இரவில் முந்நூறுக்கும் மேற்பட்ட டிரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல் மீது அனுப்பியபோது, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் உதவியோடு பெரும்பாலானவை வழியிலேயே வீழ்த்தப்பட்டன. உக்ரைன் தலைநகர் கீவில் பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இவை நல்ல வேலை செய்த கவசங்கள். சாதாரண வெடிகுண்டு வரும்போது பத்தில் ஒன்பதைத் தடுத்தால் அது பெரிய வெற்றி. அணுகுண்டு வரும்போது பத்தில் ஒன்பதைத் தடுத்தால் ஒரு நகரம் போய்விடும். கவசம் வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்த ஆயுதத்துக்கு எதிராக, எவ்வளவு என்பதே கேள்வி.

அமெரிக்கா 2001 டிசம்பர் 13 அன்று 1972 ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. வட கொரியா, ஈரான் போன்ற நாடுகளிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்று அதிபர் புஷ் காரணம் சொன்னார். வட கொரியா 1998-இல் ஜப்பானைத் தாண்டி ஒரு ராக்கெட்டை விட்டிருந்தது, எனவே கவலை பொய்யில்லை. விலகல் 2002 ஜூன் 13 அன்று அமலுக்கு வந்தது. மறுநாளே ரஷ்யா, பல குண்டுகள் ஏந்திய தரைவழி ஏவுகணைகளை அடியோடு ஒழிக்க வேண்டிய இரண்டாம் ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்கு இனி கட்டுப்பட மாட்டோம் என்று அறிவித்தது. ஒரே நாள் இடைவெளி. அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் இன்று நிற்பவை மொத்தம் 44 இடைமறிப்பு ஏவுகணைகள். 1999 முதல் நடந்த இடைமறிப்புச் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் இலக்கைத் தொட்டன. இதற்காக விட்டுக்கொடுத்தது எதை என்று பாருங்கள்.

2018 மார்ச் 1 அன்று புதின் தன் நாடாளுமன்றத்தின் முன் நின்று புது ஆயுதங்களின் படங்களைத் திரையில் ஓடவிட்டார். தென் துருவம் வழியாகவும் வரக்கூடிய சர்மட் ஏவுகணை, வளைந்து நெளிந்து வரும் அவன்கார்ட், அணு எரிபொருளில் ஓடும் க்ரூஸ் ஏவுகணை, கடலுக்கு அடியில் வரும் அணு டார்பிடோ. ஒப்பந்தத்தை நீங்கள் உடைத்ததற்கு இதுதான் பதில் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். புதினை நம்ப வேண்டியதில்லை. உக்ரைனில் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் இந்த ஆயுதங்கள் ஒவ்வொன்றும் கவசத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சீனாவும் இதே கணக்கைப் போட்டது. நீண்ட காலம் சில நூறு குண்டுகளோடு திருப்தியாக இருந்த அந்த நாடு, பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான நிலவறைகளைத் தோண்டுவது 2021-இல் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. சீனாவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் அமெரிக்கக் கவசம் அதில் ஒன்று.

இந்த நிலையில்தான் 2025 மே மாதம் டிரம்ப் 17,500 கோடி டாலரில் தங்கக் கவிகை என்ற ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். விண்வெளியில் இடைமறிப்பு ஏவுகணைகள் வைப்பதும் அதில் அடக்கம். வட கொரியா போன்ற ஒரு நாடு விடும் ஓரிரு ஏவுகணைகளைத் தடுக்கும் அளவுக்கு விண்வெளிப் பகுதியை மட்டும் அமைத்து இருபது வருடம் நடத்தவே 16,100 கோடி முதல் 54,200 கோடி டாலர் வரை ஆகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. இன்னொரு பக்கம், அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 நெடுந்தூரக் குண்டுகளுக்கு மேல் களத்தில் வைக்காமல் தடுத்திருந்த புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பிப்ரவரி 5 அன்று முடிந்தது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். ஒடிசாக் கரைக்கு அப்பால் அப்துல் கலாம் தீவை ஒட்டிய பகுதியில் இந்தியாவின் இடைமறிப்புச் சோதனைகள் வருடக்கணக்கில் நடந்துவருகின்றன. 2024 மார்ச் 11 அன்று பல குண்டுகள் ஏந்திய அக்னி-5 சோதிக்கப்பட்டது. ரஷ்யாவிடமிருந்து வாங்கிய எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பு களத்தில் இருக்கிறது. 2035-க்குள் நாடு முழுக்கப் பாதுகாப்புக் கவசம் அமைக்கும் சுதர்சன சக்ரா திட்டத்தைப் பிரதமர் மோடி 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவித்தார். இந்தியா அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லியிருக்கும் நாடு. எனவே நம் கவசம் தற்காப்புக்குத்தான் என்று நாம் நம்புகிறோம். இஸ்லாமாபாத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த வாக்குறுதியை நம்பித் திட்டம் போட மாட்டார். துல்லியமான ஏவுகணை, பல குண்டு, கவசம் மூன்றும் ஒரே நாட்டிடம் சேர்வதைப் பார்ப்பார். மேலே சொன்ன 950-50 கணக்கைப் போடுவார். அவர் கவனம் போவது இன்னும் அதிகக் குண்டுகளின் மேல். அமெரிக்க, ரஷ்ய ஏவுகணைகளுக்கு 30 நிமிடம். இங்கே எல்லையிலிருந்து டெல்லிக்கும் லாகூருக்கும் பத்து நிமிடம்கூட இல்லை.

2025 மே மாதத்தின் நான்கு நாள் மோதலில் இந்திய வான் பாதுகாப்பு அமைப்புகள் நன்றாகவே வேலை செய்தன. எல்லை மாநிலங்களை நோக்கி வந்த ஏராளமான டிரோன்களும் ஏவுகணைகளும் வீழ்த்தப்பட்டன. பீரங்கிக் குண்டுகளிடமிருந்து பூஞ்ச் மக்களை எதனாலும் காப்பாற்ற முடியவில்லை, அங்கே சாதாரணக் குடும்பங்கள் செத்தன. மே 10 அன்று பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை அதிகாரி, இந்தியாவில் அதே பொறுப்பில் இருப்பவருக்குத் தொலைபேசியில் பேசினார். 5 மணிக்குச் சண்டை நின்றது. அந்தத் தொலைபேசி இணைப்புக்கு ஆகும் செலவை எந்தக் கவசத்தோடும் ஒப்பிடவே முடியாது.

இரு நாடுகளுக்கும் இடையே இப்படிச் சத்தமில்லாமல் வேலை செய்யும் ஏற்பாடுகள் சில உண்டு. ஒருவர் அணுமின் நிலையங்களையும் அணு ஆராய்ச்சி மையங்களையும் மற்றவர் தாக்கக் கூடாது என்று 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனசிர் புட்டோவும் முன்னின்று ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு தூதரகங்கள் வழியாகப் பட்டியல் மாறுகிறது. கார்கில் போர் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, பாலகோட் வந்தது. பட்டியல் நிற்கவில்லை. சிந்து நதி ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்த பிறகும், 2026 புத்தாண்டு அன்று 35-ஆவது முறையாகப் பரிமாறிக்கொண்டார்கள். கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த ஒப்பந்தத்தின் அருமை புரிய வேண்டும்.

2005-இல் வந்தது இன்னொன்று. உயரே எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளின் சோதனையை நடத்துவதற்கு முன்பு ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் தாழ்வாகப் பறக்கும் க்ரூஸ் ஏவுகணைகள் இதில் வராது. அந்த ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022 மார்ச் 9 மாலை காட்டியது. பராமரிப்புப் பணியின்போது நடந்த தவறால் இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் க்ரூஸ் ஏவுகணை கிளம்பி, எல்லை தாண்டி 120 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்து, பாகிஸ்தான் பஞ்சாபில் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. விபத்து என்று இந்தியா அறிவித்தது இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று. விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பின்னர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பாகிஸ்தான் ரேடாரில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. பதற்றமான ஒரு வாரத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபக்கத்தில் தானாகச் சுடும் அளவுக்குத் தயாராக ஒரு கவசமும், அதற்குப் பின்னால் பதிலடி ஏவுகணைகளும் காத்திருந்தால்?

2005 ஒப்பந்தத்தில் க்ரூஸ் ஏவுகணைகளையும் சேர்ப்பதற்குக் காஷ்மீர் தீர வேண்டியதில்லை, சிந்து நதி தீர வேண்டியதில்லை, இரு பிரதமர்களும் கட்டித்தழுவ வேண்டியதில்லை. தவறுதலாக ஏவுகணை கிளம்பினால் முதல் சில நிமிடங்களுக்குள் அந்தத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கும் அப்படித்தான். சுதர்சன சக்ராவுக்கு 2035 வரை அவகாசம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஒரு அதிகாரிகள் மட்டக் கூட்டம் போதும். அந்தக் கூட்டத்துக்கு இந்தியா தேதி கேட்கலாம்.